ஸ்கேனருக்கு வைத்த பொட்டு

புதுக்கோட்டையில் ஒரு காருக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். மெக்கானிக் பானட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் உள்ளே பார்த்து, தலையைச் சொறிந்து, பானட்டை மூடிவிட்டு நிலவழகனைக் கூப்பிடுவார். நிலவழகன் வருவார். தோளில் ஒரு கறுப்புப் பை, பைக்குள் ஸ்கேனர், முகத்தில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரின் களை. ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து வயரைச் சொருகி, திரையைப் பார்த்து, 'ம்' என்பார். வண்டிக்காரர், மெக்கானிக், டீ குடிக்க வந்தவர் எல்லோரும் அந்த 'ம்'முக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அவருக்குக் கடை கிடையாது. கடை வைத்தால் கண்டவனும் வந்து உட்கார்ந்து கதை பேசுவான், அதையெல்லாம் காதில் வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி. மச்சுவாடி, கட்டியாவயல், திருக்கோகர்ணம் என்று ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாகப் போய்த் தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். வண்டிக்காரர் எதையாவது சொல்ல வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவார். "நீங்க சொல்ல வேணாங்க. வண்டியே சொல்லும்."

இந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா அறிவுமதி, ஆவுடையார்கோவில் ஊர்க்காரர். அந்த ஊரிலேயே பிறந்து, அந்தக் கோயில் வாசலிலேயே சைக்கிள் ஓட்டிப் பழகி, கடைசி வரை கோயிலுக்குள் ஒரு கால்கூட வைக்காதவர். கடவுள் மறுப்புக் கூட்டங்களில் மைக்செட்காரர் வயரைச் சுருட்டும் வரை உட்கார்ந்திருப்பார். எதையும் கேள்வி கேள் என்று மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். மகன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். தன்னைத் தவிர எல்லோரையும் கேள்வி கேட்டார்.

ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு நிலவழகன் சார்ஜாவுக்குப் போனார். அங்கே ஒரு திருச்சூர்க்காரரின் ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஒருநாள் திருச்சூர்க்காரர் ஒரு பழைய ஜப்பான் காரின் ப்ளக்கில் இரண்டு துளைகளை வயர்த் துண்டால் இணைத்தார். டாஷ்போர்டில் மஞ்சள் லைட் கண்ணடிக்க ஆரம்பித்தது. நாலு தடவை அடித்து, கொஞ்சம் நிறுத்தி, இன்னும் ஒரு தடவை அடித்தது. அவர் ஒரு கிழிந்த அட்டையில் நாற்பத்தொன்று என்ற எண்ணைத் தேடி, 'ஆக்சிலேட்டர் பக்கத்து சென்சார்' என்றார். பார்த்தால் அந்தப் பக்கத்து வயர்தான் அறுந்து கிடந்தது. நிலவழகனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பா கடைசி வரை தேடிய அறிவு இந்த மஞ்சள் லைட்டுக்குள்தான் இருக்கிறது என்று அன்றைக்கே முடிவு கட்டினார்.

உண்மையில் அந்த லைட்டை யாரும் மெக்கானிக்குகளுக்கு உபகாரமாகக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா என்று ஒரு மாநிலம். கார்ப் புகையில் அந்த ஊர் ஜனங்கள் கண்ணைக் கசக்கித் திண்டாடியபோது, அரசாங்கம் கார் கம்பெனிகளைப் பிடித்து உலுக்கியது. வண்டி புகையைக் கூட்டினால் அந்த வண்டியே தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. சரி என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு கண்ணடிப்பு, தன் இஷ்டத்துக்கு ஒரு ப்ளக் வைத்தது. ஒரு வண்டியின் பாஷை இன்னொன்றுக்குப் புரியாது. 1996-இல்தான் அங்கே எல்லாக் காருக்கும் ஒரே ப்ளக், பதினாறு துளை, ஒரே எண்கள் என்று ஆக்கினார்கள். நம் நாட்டுக்கு அது 2010-க்குப் பிறகு படிப்படியாக வந்து சேர்ந்தது. இப்போது வரும் புது வண்டிகள் ரோட்டில் ஓடும்போதே தம் புகையைத் தாமே மோந்து பார்த்துக்கொண்டு போகின்றன.

வேலை நடக்கிற விதம் எளிமையானது. காற்று எவ்வளவு வருகிறது, எஞ்சின் எவ்வளவு சூடு, எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போ எவ்வளவு அழுத்துகிறது என்று ஆளுக்கொரு மூலையில் சென்சார்கள் உட்கார்ந்து மூளைப் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இ.சி.எம். என்று மெக்கானிக்குகள் சொல்வது அந்தப் பெட்டியைத்தான். சொல்வது கணக்குக்கு ஒத்துவராவிட்டால் பெட்டி ஒருமுறை பொறுத்துப் பார்க்கும். அடுத்த ஓட்டத்திலும் அதே கதை என்றால் மஞ்சள் லைட்டைப் போட்டு, ஒரு எரர் கோடை, அதாவது அந்தக் கோளாறின் எண்ணை, எழுதி வைக்கும். அந்த நேரத்தில் வண்டி என்ன வேகம், எவ்வளவு பாரம் இழுத்தது என்பதையும் போட்டோ பிடித்ததுபோல வைத்துக்கொள்ளும். கோளாறு பெரிதென்றால் எஞ்சினைக் காப்பாற்ற வண்டியை நொண்ட விட்டுவிடும், என்ன மிதித்தாலும் வேகம் எடுக்காது. ஆனால் எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லாது. எங்கே வலிக்கிறது என்றுதான் சொல்லும். இந்தக் கடைசி விஷயம் நிலவழகனுக்கும் தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்க நேரமில்லை, அவ்வளவுதான்.

ஸ்கேனரில் அவருக்கு ரொம்பப் பிடித்தது 'அழி' என்ற பட்டன். அதை அமுக்கினால் எரர் கோடு மறைந்து லைட் அணைந்துவிடும். கோளாறு அப்படியே இருந்தால் கொஞ்ச தூரம் ஓடியதும் திரும்ப வரும், அது வேறு விஷயம். இந்தப் பட்டனை அவர் வீட்டிலும் பயன்படுத்தினார். மனைவி சொர்ணவல்லி ரேஷன் கடையில் விற்பனையாளர். நாளெல்லாம் வரிசையில் நிற்பவர்களின் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருபவர். வீட்டில் தன் பேச்சைக் கேட்க ஒரு ஆள் இருந்தால் தேவலை என்று நினைப்பார். குளியலறைக் குழாய் ஒழுகுவது, மாமியாரின் கண் ஆபரேஷன், மகன் விக்ரமுக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதது என்று எதையாவது எடுத்தால், பாதியிலேயே நிலவழகன் "சரி சரி, விடு, முடிஞ்சிருச்சு" என்பார். பட்டனை அமுக்கியாயிற்று. மறுநாள் காலை காப்பியோடு அதே எரர் கோடு வரும்.

வீட்டில் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் சண்டை ஆயுத பூஜை. சொர்ணவல்லி சும்மா விடுகிற ஆள் இல்லை. மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின், தண்ணி மோட்டார் என்று கரண்டில் ஓடும் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார். ஒருமுறை இன்வெர்ட்டருக்கும் வைத்தார். நிலவழகன் அறிவுமதியின் மகனாகத் தன் கடமையைச் செய்வார், அதாவது அரை மணி நேரம் பேசுவார். பிறகு பொரி கடலையை எல்லோரையும்விட அதிகமாகச் சாப்பிடுவார்.

இந்த ஆண்டு அவர் பேசவில்லை. ஸ்கேனருக்கு ஏதோ புது அப்டேட் வந்திருந்தது. அதைப் பற்றிய வீடியோ ஒன்றைப் போனில் பார்த்துக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். சொர்ணவல்லி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"ஏங்க, இந்த வருசம் அந்த ஸ்கேனர் பெட்டிக்கும் வைக்கலாம்னு இருக்கேன். சோறு போடுற சாமான். எங்கிட்டு வைக்கலாம், எங்கிட்டு வைக்கக் கூடாதுன்னு சொல்லிருங்க."

நிலவழகன் வீடியோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒங்களத்தான் கேக்குறேன். ஏதாவது கெட்டுப் போயிறப் போவுது."

"ம்," என்றார் நிலவழகன்.

ஊரே காத்துக்கிடக்கும் அந்த 'ம்' சொர்ணவல்லிக்கும் கிடைத்தது. அவர் இன்னொரு தடவையும் கேட்டார், இன்னொரு 'ம்' வந்தது. ஆகட்டும் என்று போய்விட்டார். மறுநாள் பையைத் திறந்த நிலவழகன், பெட்டியின் மூடியில் மூன்று பெரிய பொட்டுகளைப் பார்த்து, ஆரியம் திராவிடம் என்று முணுமுணுத்தபடி லுங்கியின் நுனியால் துடைத்தார். மூடியை மட்டும்தான் துடைத்தார்.

அன்றிலிருந்து புதுக்கோட்டை வண்டிகளுக்கு என்ன கேடு வந்ததோ தெரியவில்லை, ஒவ்வொன்றாக மூளையைப் பறிகொடுத்தன.

முதலில் ஒரு பல் டாக்டரின் கார். ஸ்கேனரைச் சொருகினால் திரை பளிச்சென்று எரிகிறது. ஆனால் வண்டியோடு தொடர்பு இல்லை என்று வருகிறது. 'ம்' என்ற நிலவழகன், இ.சி.எம். போய்விட்டது என்றார். அடுத்து ஒரு அரிசி மண்டிக்காரரின் வண்டி. அதற்கும் அதே. அப்புறம் அன்னவாசல் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக் கார், அதற்கும் அதே. அரிசி மண்டிக்காரர் சந்தேகப்பட்டு வண்டியைத் திருச்சிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, மூளை நன்றாகத்தான் இருக்கிறதாம் என்று போன் செய்தார். "ஒங்கள நல்லா ஏமாத்தியிருக்கானுங்க," என்று நிலவழகன் போனை வைத்தார். ஒரே வாரத்தில் ஊரில் இத்தனை மூளை எப்படிப் போகும் என்று அவர் யோசிக்காமல் இல்லை. யோசித்து, இந்த வருஷ மழையும் ஈரமும்தான் காரணம் என்று கண்டுபிடித்து, அதைப் பத்துப் பேரிடம் சொல்லவும் செய்தார்.

அப்படி ஒரு நாளில்தான் அடைக்கலமேரியின் வேன் வந்தது.

அடைக்கலமேரி கீரனூர்க்காரர். முன்பு நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசியில் இருமி இருமி, இனி இந்த வாசல்படியை மிதிப்பதில்லை என்று ஒருநாள் முடிவெடுத்து, டிரைவிங் பழகி, ஒரு பழைய டீசல் வேனை வாங்கினார். புருஷன் மலேசியாவில். வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து, வேனை விற்றுவிடு என்று யோசனை சொல்வதோடு அவர் குடும்பக் கடமை முடிந்துவிடும். அடைக்கலமேரி காலையில் கீரனூரிலும் குளத்தூரிலும் நர்சிங் காலேஜ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்கு வருவார், சாயங்காலம் கொண்டுபோய் விடுவார். ஞாயிற்றுக்கிழமை சித்தன்னவாசல் பார்க்க வருகிறவர்கள் கிடைத்தால் அதுவும் ஓடும். வண்டிக்குப் பின்னால் 'மாதா துணை' என்று எழுதியிருக்கும். உள்ளே டாஷ்போர்டில் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர், சரியாக மஞ்சள் லைட்டின் மேல். லைட் முதன்முதலில் எரிந்தபோது கீரனூர் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் சொன்ன வைத்தியம் அது. லைட்டைப் பார்த்தால் பிள்ளைகள் பயப்படும், மாதாவைப் பார்த்தால் கும்பிடும்.

கட்டியாவயல் கண்ணன் ஒர்க்‌ஷாப்பில் வேன் நின்றது. நிலவழகன் ஸ்டிக்கரின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்பாவைப்போலவே சிரித்தார்.

"சும்மா ஓட்டுனா நல்லாத்தாண்ணே போவுது," என்றார் அடைக்கலமேரி. "புள்ளைகள ஏத்திக்கிட்டு நார்த்தாமலைப் பக்கம் பாலத்து மேட்டுல ஏறும்போதுதான் அப்படியே செத்துப் போயிருது. என்ன மிதிச்சாலும் போவ மாட்டேங்குது. அதுக்கு முன்னாடி உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வேற..."

"நீ சொல்ல வேணாம்மா. வண்டியே சொல்லும்."

வண்டி சொல்லவில்லை. தொடர்பு இல்லை என்றது திரை.

"ம். மூளை போச்சு."

"மூளை போன வண்டி எப்படிண்ணே கீரனூர்லேருந்து இங்கிட்டு வந்துச்சு?"

"ஓட்டுற மூளை இருக்கும்மா. பேசுற மூளைதான் போச்சு."

"அப்ப பேசுறத மட்டும் மாத்துங்க."

"அப்படியெல்லாம் மாத்த முடியாது. பெட்டியே புதுசாப் போடணும்."

மெக்கானிக் கண்ணன் புதுப் பெட்டியின் விலையைச் சொன்னார். அடைக்கலமேரி வேன் பக்கம் போய், திறந்திருந்த கதவைச் சாத்திவிட்டு, சாத்திய கதவில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். மேட்டில் செத்துச் செத்துப் பிழைக்கும் வண்டியில் பிள்ளைகளை இனி அனுப்ப முடியாது, திங்கட்கிழமையிலிருந்து வேறு வேன் பார்த்துக்கொள்கிறோம் என்று காலேஜில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். பெட்டி போட வழியில்லை என்றால் விற்க வேண்டியதுதான். விற்றால் திரும்ப மில். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதையும் இருமலைக் கொண்டே நினைவு வைத்திருக்கும் தொண்டை, மில் என்றதும் இரண்டு நாள் சும்மாவே இருமியது.

வெள்ளிக்கிழமை காலை அறந்தாங்கியிலிருந்து ஒரு புரோக்கர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. நிலவழகன் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் புரோக்கர் அடிமாட்டு விலைக்குக் கேட்கமாட்டார் என்று கண்ணன் சொன்னதால், அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். நிலவழகன் தன் சொந்தக் காரில் வந்து இறங்கினார். பழைய சின்னக் கார்தான். ஆனால் எஞ்சின் சத்தம் அடுத்தவனுக்குக் கேட்காது என்பதில் அவருக்குத் தனிக் கர்வம். புரோக்கர் இன்னும் வரவில்லை.

அடைக்கலமேரி அவரிடம் வந்தார். கண் வீங்கியிருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"அண்ணே, ஒன்னு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. என் வண்டியில அன்னைக்கு வந்த மாதிரி வந்தா மூளை போச்சுன்னு சொன்னீங்க. நல்ல வண்டியில எப்படி வரும்னு நான் பாத்ததில்ல. விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டா மனசு ஆறும். ஒங்க வண்டியில சொருகிக் காட்டுங்க."

நிலவழகனுக்கு இது பிடித்திருந்தது. ஒர்க்‌ஷாப்பில் இருந்த எல்லோரும் பார்க்கும்படி தன் காரின் கதவை அகலத் திறந்தார். ஸ்கேனரைச் சொருகினார். "பாரு, இப்ப வரிசையா எல்லாம் வரும். எஞ்சின் ஸ்பீடு, சூடு, பேட்டரி..."

திரை எரிந்தது. சுற்றிச் சுற்றி ஒரு வட்டம் ஓடியது. தொடர்பு இல்லை என்றது.

பிடுங்கிச் சொருகினார். தொடர்பு இல்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை ஓட விட்டுச் சொருகினார். எஞ்சின் அடுத்தவனுக்குக் கேட்காமல் அழகாக ஓடியது. திரை, தொடர்பு இல்லை என்றது.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்த சத்தமும் நின்றுவிட்டது.

"அப்ப ஒங்க வண்டியையும் சேத்து வித்துறலாமாண்ணே," என்றார் அடைக்கலமேரி.

நிலவழகன் ப்ளக்கைப் பிடுங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். பதினாறு ஊசிகளில் மேல் வரிசையில் ஒன்று, அதற்கு நேர் கீழே ஒன்று, இரண்டையும் சேர்த்து அழகாக ஒரு பொட்டு. காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். வண்டியோடு பேசும் ஊசிகள் அந்த இரண்டும்தான். கரண்ட் எடுக்கும் ஊசி ஓரத்தில் இருந்ததால் தப்பித்துக்கொண்டது. அதனால்தான் திரை மட்டும் நன்றாக எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. சொர்ணவல்லி பெட்டியைப் பிரித்து, இதுதான் வாய் என்று கண்டுபிடித்து, நடு நெற்றி பார்த்து வைத்திருக்கிறார்.

அவர் கை தானாக ப்ளக்கை மறைத்தது. வயர் லூஸ் என்று சொல்லிவிட்டுத் துடைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. பட்டனை அமுக்கினால் முடிந்தது.

"என்னண்ணே அது, மஞ்சளா?" என்றார் கண்ணன்.

"தூசி."

கண்ணன் குனிந்து மோந்தார். "தூசியில சந்தன வாசம் வருது."

அடைக்கலமேரி நிலவழகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீங்கிய கண்களைப் பார்த்ததும் நிலவழகன் ப்ளக்கை மறைத்திருந்த கையை எடுத்தார். இன்னும் அரை மணியில் இந்தப் பெண் வண்டியை யாருக்கோ கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போயிருப்பார், நான் பக்கத்தில் நின்று 'ம்' சொல்லியிருப்பேன் என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது.

"ஆயுத பூஜைக்கு வீட்ல பொட்டு வச்சிருக்காங்க," என்றார். "நான் பாக்கல. ஒரு வாரமா இதுதான் எல்லா வண்டியிலயும் தொடர்பு இல்லன்னு சொல்லியிருக்கு."

கண்ணன் சிரிப்பை அடக்க எஞ்சின் ஆயில் டப்பா ஒன்றை எடுத்து அதன் விலையைப் படிப்பதுபோலப் பாவனை செய்தார். பிறகு ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் ஸ்பிரே டப்பாவும் கொண்டுவந்தார். பகுத்தறிவாளர் அறிவுமதியின் மகன் உட்கார்ந்து, மனைவி வைத்த பொட்டை ஊசி ஊசியாகத் தேய்த்து எடுத்தார்.

வேனில் சொருகியதும் திரை மளமளவென்று பேசியது. மூளை நன்றாக இருந்தது. ஒரே ஒரு எரர் கோடு. டர்போவின் அழுத்தம் குறைகிறது என்றது.

"டர்போ மாத்தணுமாண்ணே?" என்றார் கண்ணன். அதுவும் லேசில் முடிகிற செலவு இல்லை. அடைக்கலமேரியின் முகம் மறுபடி இருண்டது.

பழைய நிலவழகனாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு 'ம்' விழுந்திருக்கும். அவர் அடுத்த பக்கத்தைத் திறந்தார். கோளாறு நடந்த நொடியில் வண்டி பிடித்து வைத்த போட்டோ. நல்ல வேகம், முழுப் பாரம், எஞ்சின் முக்கிக்கொண்டு இழுக்கிறது. மேட்டில் ஏறும் வண்டி.

"இது எந்த எடமா இருக்கும்," என்று தனக்குத்தானே கேட்டார்.

"நார்த்தாமலைப் பக்கத்துப் பாலம்," என்றார் அடைக்கலமேரி. "புள்ளைகளோட ஏறும்போது. அன்னைக்கே சொன்னேன்."

ஆமாம், சொன்னார். மூளைப் பெட்டி எழுதி வைத்திருந்ததை ஒரு வார்த்தை குறையாமல் அன்றைக்கே சொன்னார். நிலவழகன் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"ஏதோ சத்தம்னியேம்மா. என்ன சத்தம்?"

இத்தனை வருஷத் தொழிலில் வண்டி ஓட்டுகிற ஒருவரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அடைக்கலமேரி விலாவாரியாகச் சொன்னார். சைக்கிள் டியூப் பஞ்சர் ஆகும்போது வருகிற மாதிரி உஸ் சத்தம், இடது பக்கத்திலிருந்து, மிதிக்க மிதிக்கக் கூடும், காலை எடுத்தால் நிற்கும். அவர் சொல்லி முடிக்கும் வரை நிலவழகன் கையைக் காட்டி நிறுத்தவில்லை. கண்ணன் ஆக்சிலேட்டரை மிதிக்க, நிலவழகன் இடது பக்கம் படுத்துக் கையை விட்டுத் தடவினார். டர்போவிலிருந்து காற்று போகும் ரப்பர் குழாய் கிளாம்புக்கு அடியில் வாயைப் பிளந்திருந்தது. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. சும்மா ஓடும்போது பிளவு மூடிக்கொள்ளும். பாரத்தோடு மேட்டில் அழுத்தம் கூடினால் திறந்துகொள்ளும். மூளையும் டர்போவும் தங்கமாக இருந்தன. கெட்டது ஒரு முழ ரப்பர்.

கண்ணன் குழாய் வாங்க ஆளை அனுப்பியபோது புரோக்கர் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டையும் அக்குளில் பையுமாக வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயரை உதைத்தார்.

"வண்டி விக்கலீங்க," என்றார் அடைக்கலமேரி.

புரோக்கர் நிலவழகனிடம் திரும்பினார். "என்னங்க இது, மூளை போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"போனது வண்டிக்கு இல்லீங்க," என்றார் நிலவழகன். "எனக்கு."

குழாய் மாட்டியதும் ஓட்டிப் பார்க்க வேண்டுமே, அதற்குப் பாரம் வேண்டுமே என்று கண்ணன் ஒர்க்‌ஷாப்பில் நின்றவர்களையெல்லாம் வேனில் ஏற்றினார். வந்ததற்கு ஏதாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று புரோக்கரும் ஏறிக்கொண்டார். அடைக்கலமேரி ஸ்டியரிங்கைப் பிடித்தார். நார்த்தாமலைப் பக்கத்துப் பாலம் வந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தார். வேன் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறி மறுபக்கம் இறங்கியது. யாரும் கை தட்டவில்லை. அடைக்கலமேரி மட்டும் ஓரமாக நிறுத்தி, முந்தானையால் முகத்தை மூடி நன்றாக அழுதார். புரோக்கர்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் நிலவழகன் 'அழி' பட்டனை அமுக்கினார். சரிசெய்த பிறகு அமுக்குவது அவருக்குப் புது அனுபவமாக இருந்தது.

எல்லோரும் கண்ணனின் கடைக்குத் திரும்பியதும் அடைக்கலமேரி டாஷ்போர்டிலிருந்த மாதா ஸ்டிக்கரை நகத்தால் பதமாக உரித்தார். மஞ்சள் லைட் இருந்த இடம் வெளியே தெரிந்தது. "இனிமே லைட்டு எரிஞ்சா எரியட்டும், பாத்துக்கலாம்," என்றவர், ஸ்டிக்கரை நிலவழகனின் ஸ்கேனர் மூடியில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார். "என் வண்டியவிட ஒங்க பெட்டிக்குத்தான் இப்ப தொணை வேணும்ணே." நிலவழகன் மறுக்க வாயெடுத்தார். மறுக்கிற யோக்கியதை இன்று தனக்கு இல்லை என்று மூடிக்கொண்டார்.

பல் டாக்டருக்கும் அன்னவாசல்காரருக்கும் போன் போட்டு, மூளைப் பெட்டி எதுவும் வாங்கிவிடாதீர்கள், தப்பு என்மேல்தான் என்றார். அரிசி மண்டிக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு, அவர் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் "மொதல்ல சொந்த வண்டியில சொருகிட்டு வந்தீங்களாண்ணே" என்று கேட்கப் போகிறார்கள் என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சொர்ணவல்லியிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தார். மூடநம்பிக்கை, அறியாமை, ஊர் முழுக்க மானம் போனது என்று திருக்கோகர்ணம் தாண்டும்போது நல்ல வேகம் எடுத்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். ப்ளக்கை நீட்டிக் காட்டி, பொட்டு வைத்த இடத்தைக் காட்டி, அடைக்கலமேரியின் கதை முழுவதையும் சொன்னார்.

சொர்ணவல்லி குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்பது அவருக்குப் பழக்கம்.

"எங்கிட்டு வைக்கலாம், எங்கிட்டு வைக்கக் கூடாதுன்னு ஒங்ககிட்ட கேட்டேன்ல," என்றார். "ஒரு தடவைக்கு மூணு தடவ. நீங்க 'ம்'ன்னீங்க."

நிலவழகனின் ஒத்திகை அங்கேயே நொண்ட ஆரம்பித்தது.

"அந்தப் புள்ள சொன்னதையும் கேக்கல, நான் கேட்டதையும் கேக்கல. மிஷின் சொன்னா மட்டும்தான் கேப்பீங்க. அதான் அதுவும் ஒரு வாரம் பேசாம இருந்துச்சு." கோபமாகச் சொல்லவில்லை. சலித்துப்போய்ச் சொன்னார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. "சரி, விடுங்க. முடிஞ்சிருச்சு."

அவருடைய பட்டனை அவர்மேலேயே அமுக்கிவிட்டு சொர்ணவல்லி அடுப்படிக்குத் திரும்பினார். நிலவழகன் அங்கேயே நின்றார். குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. எத்தனை மாதமாகச் சொட்டுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சொர்ணம், இங்கிட்டு வா."

அவர் வந்தார். நிலவழகன் பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடியில் மாதாவைப் பார்த்ததும் சொர்ணவல்லியின் புருவம் உயர்ந்தது. "நான் வச்சா லுங்கியால தொடப்பீங்க. அந்தப் புள்ள ஒட்டுனா இருக்கட்டுமா?"

நிலவழகன் பெட்டியைத் திறந்து, வயரைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"இது கண்ணு மாதிரி, இதுல வைக்கக் கூடாது. இந்த ஊசியெல்லாம் வாய், இதுல தண்ணிகூடப் படக் கூடாது. இந்தா, இந்த மூடியில, மாதாவுக்குப் பக்கத்துல எடம் இருக்கு பாரு. இங்க வைக்கலாம்."

ஆயுத பூஜை அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அன்றைக்கு எந்த விசேஷமும் இல்லை, வெறும் வெள்ளிக்கிழமை. இருந்தாலும் சொர்ணவல்லி சந்தனக் கிண்ணத்தை எடுத்துவர உள்ளே போனார்.